நேரம் எங்கே போகிறது? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேர முகாமைத்துவம் பற்றிக் கிடைக்கும் ஆலோசனைகளில் பாதி, சொந்தக் காரும் தனி அறையும் உள்ள ஆட்களை மனதில் வைத்து எழுதியவை. பஸ் வரும் நேரம், துறையில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) புறப்படும் நேரம், வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் திகதி, பாடசாலை விடும் நேரம் என்று மற்றவர்கள் போட்ட நேரங்களுக்குள் நாளை ஓட்டுகிற நமக்கு அவை அப்படியே சரிவராது. படிக்கிற பிள்ளைகள், உத்தியோகத்தர்கள், வேளாண்மைக்காரர், வீட்டைப் பார்க்கிற பெண்கள் வழக்கமாகக் கேட்பவற்றைக் கீழே சேர்த்திருக்கிறேன். உங்களுக்குத் தேவையான கேள்வியை மட்டும் படித்தாலும் போதும்.

காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கிறேன். படுக்கும்போது பார்த்தால் ஒன்றும் முடிந்ததாக இல்லை. எங்கே தொடங்குவது?

திட்டம் போடுவதில் தொடங்க வேண்டாம். முதலில் மூன்று நாளைக்கு, அதாவது இரண்டு வேலை நாளும் ஒரு ஞாயிறும், நேரம் எப்படிப் போனது என்பதை மட்டும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். "5 முதல் 6 சமையல், 6.40 வரை பிள்ளைகளை வெளிக்கிடுத்தினேன், 7.05 பஸ்" என்ற அளவு போதும். பிறகு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அந்த நேரத்தைத் தீர்மானித்தது நானா, வேறு ஆளா என்று குறித்துப் பாருங்கள். பெரும்பாலான வரிகள் வேறு ஆளின் கணக்கில்தான் இருக்கும்.

கல்முனையில் இருந்துகொண்டு மட்டக்களப்பில் வேலை செய்கிற ஒரு உத்தியோகத்தரை எடுத்துக்கொள்வோம். தூரம் ஏறக்குறைய 40 கிலோமீற்றர். அரச அலுவலக நேரம் காலை 8.30 முதல் பின்னேரம் 4.15 வரை, அதாவது 7¾ மணித்தியாலம். பஸ்ஸும் காத்திருப்பும் சேர்த்துப் போகவர மூன்று மணித்தியாலம். நித்திரை ஏழு. சமையல், குளிப்பு, சாப்பாடு, துணி, வளவு கூட்டுவது என்று ஐந்து. 24 இலிருந்து இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது ஒன்றேகால் மணித்தியாலம்.

அந்த ஒன்றேகால் மணித்தியாலத்துக்குள் ஆங்கில வகுப்பு, உடற்பயிற்சி, பிள்ளைக்குப் பாடம், தையல் என்று நாலு திட்டம் போடுகிறோம். நாலும் நடக்காமல் போனதும் "எனக்கு ஒழுங்கு போதாது" என்று நம்மையே திட்டிக்கொள்கிறோம். ஒழுங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இடமே கிடையாது. வேலை நாளில் ஒரே ஒரு சொந்த வேலையை அங்கே வையுங்கள். மற்ற மூன்றையும் சனி ஞாயிறுக்கு மாற்றுங்கள், அல்லது இந்த ஆண்டு வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். உங்களுடைய கணக்கு இதைவிட நல்லதாகவும் இருக்கலாம், மோசமாகவும் இருக்கலாம். போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

விடிய 4 மணிக்கு எழும்பினால்தான் முன்னேறலாம் என்கிறார்களே?

4 மணிக்கு எழும்புகிற ஆள் இரவு 9 மணிக்குப் படுக்கிறாரா என்று கேளுங்கள். வளர்ந்தவர்களுக்கு ஏழு மணித்தியாலத்துக்குக் குறையாத நித்திரை வேண்டும். 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு எட்டு முதல் பத்து. 11 மணிவரை போன் பார்த்துவிட்டு 4 மணிக்கு எழும்பினால் காலையில் கிடைத்த இரண்டு மணித்தியாலத்தைப் பகலில் கொட்டாவி விட்டே திருப்பிக் கொடுக்க வேண்டிவரும்.

ஆனாலும் நம் பக்கத்தில் காலை நேரத்துக்கு ஒரு தனி மதிப்பு இருக்கத்தான் செய்கிறது. காரணம் வெயில். இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் 6 மணியை ஒட்டித்தான் உதிக்கிறது, கால் மணித்தியாலம் அரை மணித்தியாலம் முன்பின்னாக. 10 மணிக்குப் பிறகு ஓட்டுக் கூரைக்குக் கீழேயும் தகரத்துக்குக் கீழேயும் உட்கார்ந்து மூளையைப் பாவிப்பது லேசான காரியமா? எனவே நேரத்தோடு படுக்க முடிந்தவர்கள் 5 மணிக்கு எழும்புவது நல்லது. முடியாதவர்கள் நித்திரையை வெட்டித்தான் எழும்ப வேண்டும் என்றில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு ஒரு வேலையும் ஓடுவதில்லை. என்ன செய்யலாம்?

ஓடாது. வைகாசி, ஆனியில் கச்சான் என்கிற சூடான வறண்ட காற்று அடிக்கும்போது இன்னும் ஓடாது. அதை எதிர்த்து நிற்காமல் வேலையை இடம் மாற்றுங்கள். கணக்கு, எழுத்து, புதிய பாடம், முக்கியமான கடிதம் போன்றவை காலை 10 மணிக்கு முன். பைல் அடுக்குவது, பில் கட்டுவது, துணி மடிப்பது, தொலைபேசியில் பேசி முடிக்க வேண்டிய விசயங்கள் மத்தியானம். சாப்பிட்டபின் 20 நிமிடம் கண்ணை மூடுவது சோம்பல் கிடையாது. அதை ஒரு மணித்தியாலமாக நீட்டினால்தான் எழும்பியபின் தலை கனக்கும், இரவு நித்திரையும் தள்ளிப் போகும்.

பட்டியல் போடுகிறேன், பாதிகூட முடிவதில்லை. பட்டியலில் என்ன பிழை?

நீளம்தான் பிழை. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணிப்பதில் மனிதர்கள் எல்லோரும் ஒரே பக்கமாகத்தான் பிழை விடுகிறோம்: குறைத்தே கணிக்கிறோம். டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979 இல் இதற்கு ஒரு பெயரே வைத்து எழுதினார்கள். முன்பு இதே வேலைக்கு எவ்வளவு நேரம் போனது என்பது நமக்குத் தெரிந்திருந்தாலும், இந்த முறை விரைவாக முடியும் என்றுதான் மனம் சொல்லும்.

எனவே மனம் சொல்லும் நேரத்தோடு பாதியைக் கூட்டுங்கள். ஒரு மணித்தியாலம் என்று தோன்றினால் ஒன்றரை என்று எழுதுங்கள். ஒரு நாளைக்கு மூன்று வேலைக்கு மேல் எழுதாதீர்கள். அந்த மூன்றிலும், இன்று வேறு ஒன்றும் நடக்காவிட்டாலும் இது நடக்க வேண்டும் என்கிற ஒன்றை மேலே எழுதி, அதை முதலில் தொடுங்கள்.

"முடிந்தால்" என்று ஒரு சின்னப் பகுதியைக் கீழே வைத்துக்கொள்ளலாம். அதில் உள்ளவை முடியாவிட்டால் கவலைப்படக் கூடாது, அதுதான் நிபந்தனை.

பிரதேச செயலகம், வங்கி என்று வெளியே போனால் ஒரு நாளே போய்விடுகிறது. குறைக்க வழி உண்டா?

உண்டு. ஆனால் அந்த வழி முதல்நாள் இரவில் இருக்கிறது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டோ பிரதி, ஒரு பேனை, இவை ஒரே கோவையில் எப்போதும் தயாராக இருக்கட்டும். பாதிப் பேர் இரண்டாவது முறை போவது ஒரு போட்டோ பிரதிக்காகத்தான். கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சி தேவைப்படும் வேலையா என்று முன்பே விசாரியுங்கள். தேவை என்றால் அவர் அலுவலகத்தில் இருக்கும் நாளைக் கேட்டு அதை முதலில் முடித்துவிட்டுத்தான் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். வெளிக்கிடுமுன் ஒரு தொலைபேசி அழைப்பு: "ஐயா, நீங்கள் இன்றைக்குக் கந்தோரில் இருப்பீர்களா?" இந்தக் கேள்வியைக் கேட்க வெட்கப்படுகிறவர்கள் அதிகம். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து பாதையேறி, பஸ் மாறி வந்து, ஆள் களத்துக்குப் போய்விட்டார் என்று கேட்டுத் திரும்புவதைவிட அந்த வெட்கம் பெரிதா?

சம்பளமும் அஸ்வெசும (அரச நலன்புரி) பணமும் விழும் நாட்களில், முடிந்தால் வங்கிப் பக்கம் போகாதீர்கள். கிளினிக் நாளில் வேறு ஒரு வேலையும் சேர்க்காதீர்கள், வரிசை எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. மற்றபடி நகர வேலைகளைக் கிழமைக்கு ஒரு நாளுக்கு ஒதுக்கி, சேர்த்து முடிப்பது நல்லது. சின்னச் சின்ன வேலைக்கு மூன்று தரம் பஸ் ஏறுவதில் காசும் போகிறது.

பஸ்ஸில் போகும் நேரத்தைப் பிரயோசனப்படுத்தலாமா?

இருக்கை கிடைத்தால் பாடம் கேட்கலாம், கேட்பொலி கேட்கலாம். நின்றுகொண்டு போகிற பஸ்ஸில் ஒன்றும் முடியாது, முயற்சியும் வேண்டாம். சும்மா வெளியே பார்த்துக்கொண்டு வாருங்கள்.

"மறுகா பாப்பம்" என்று தள்ளிப்போடுகிறேன். எப்படி விடுவது?

தள்ளிப்போடும் வேலைகளைக் கவனித்தால் அவை பெரும்பாலும் கடினமானவை என்பதைவிட, எங்கே தொடங்குவது என்று தெரியாதவையாக இருக்கும். "வீட்டு உறுதியைச் சரிப்படுத்த வேண்டும்" என்று எழுதினால் கை ஓடாது. "பெரியப்பாவிடம் பழைய உறுதியின் பிரதியைக் கேட்க வேண்டும்" என்று எழுதினால் அது ஒரு அழைப்பு.

அடுத்தது, எப்போது, எங்கே என்பதையும் சேர்த்து எழுதுவது. "இந்தக் கிழமை படிப்பேன்" என்பதற்கும், "இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் முன் விறாந்தையில் உட்கார்ந்து படிப்பேன்" என்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களில் இருந்து இதை ஆராய்ந்து, இப்படி நேரத்தோடும் இடத்தோடும் தீர்மானிப்பவர்கள் அதைச் செய்து முடிப்பது கூடுதல் என்று காட்டியிருக்கிறார்.

அப்படியும் உட்கார மனம் வராவிட்டால் 25 நிமிடம் மட்டும் என்று அலாரம் வையுங்கள். இது 1980களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவச் சமையலறை மணிக்கூடு ஒன்றை வைத்துத் தனக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. 25 நிமிட வேலை, 5 நிமிட இடைவேளை, நாலு சுற்றுக்குப் பின் நீண்ட ஓய்வு. எனக்குப் பிடித்த பகுதி இடைவேளைதான், ஆனால் அதில் போனைத் தொடக்கூடாது. தொட்டால் 5 நிமிடம் 50 ஆகிவிடும்.

வீட்டு வேலை முழுக்க என் தலையில். எனக்கு என்ன நேர முகாமைத்துவம் சொல்லப் போகிறீர்கள்?

நியாயமான கோபம். விடிய 4.30க்கு எழும்பிப் பிட்டு அவித்து, சம்பல் இடித்து, மூன்று பேருக்குச் சாப்பாடு கட்டி, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, தானும் வேலைக்குப் போய், 2 மணிக்கு ஒரு பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றி, 4 மணிக்கு மற்றப் பிள்ளையை இறக்கி, மாமிக்கு மருந்து கொடுத்து, இரவைக்கு இடியப்பம் பிழிகிற ஒருவரிடம் "நேரத்தைத் திட்டமிடுங்கள்" என்று சொல்வது அநியாயம். அவருடைய நேரம் ஏற்கெனவே நிமிடக் கணக்கில் திட்டமிடப்பட்டிருக்கிறது. அந்த வீட்டில் மற்ற எல்லோருக்கும் ஓய்வு கிடைப்பதே இவர் ஓடுவதால்தான். இங்கே தேவை பங்கீடு.

முதலில் வீட்டு வேலை முழுவதையும் ஒரு தாளில் எழுதுங்கள். தண்ணீர்ப் போத்தல் நிரப்புவது, காஸ் முடிகிறதா என்று பார்ப்பது, பாடசாலை வட்ஸ்அப்பில் வந்த அறிவித்தலைப் படிப்பது போன்ற, கண்ணுக்குத் தெரியாத வேலைகளையும் எழுதுங்கள். பெரும்பாலும் அந்தத் தாள் இரண்டு பக்கம் போகும். பிறகு வீட்டில் உள்ளவர்களைக் கூட்டி வைத்து, "இதில் நீங்கள் எதை எடுக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். "உதவி செய்யுங்கள்" என்று கேட்காதீர்கள், உதவி என்றால் பொறுப்பு உங்களிடமே இருக்கும். தேங்காய் திருவுவது மகனுடையது என்றால், திருவாத நாளில் சம்பல் இல்லை. பத்து வயதுப் பையனுக்குத் தன் சப்பாத்தைத் துடைத்து, சீருடையை எடுத்து வைக்க முடியும். கணவருக்கு ரியூசன் ஓட்டத்தில் ஒரு பக்கத்தை எடுக்க முடியும். முதல் இரண்டு கிழமை அவர்கள் செய்வது ஒழுங்காக இருக்காது. திருத்தப் போகாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள், திருத்தினால் வேலை மறுபடி உங்களிடமே வந்துவிடும்.

நம் பக்கத்துக்கு ஒரு வசதியும் உண்டு. பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பதுதான் மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழ், முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பாலும் வழமை. அதனால் அம்மா, அக்கா, தங்கச்சி எல்லோரும் ஒரே வளவில் அல்லது அடுத்த ஒழுங்கையில் இருப்பார்கள். அக்கா, தங்கச்சி இருவரும் தனித்தனியே தங்கள் பிள்ளைகளை ரியூசனுக்கு ஏற்றி இறக்குவதற்குப் பதிலாக, திங்கள் செவ்வாய் ஒருவர், புதன் வியாழன் மற்றவர் என்று மாற்றினால் இருவருக்கும் கிழமைக்கு இரண்டு பின்னேரம் மிஞ்சும். இரவுச் சாப்பாட்டையும் கிழமைக்கு ஒரு நாள் ஒரே அடுப்பில் சமைக்கலாம். இதற்கு அம்மாவை மட்டும் ஆளாக்கிவிடாதீர்கள், அவவும் இதையெல்லாம் ஒருதரம் செய்து முடித்தவ.

சமையலில், கிழமைக்கு இரண்டு நாள் காலைச் சாப்பாடு பாணும் பருப்பும் என்று தீர்மானித்துவிட்டால் உலகம் அழிந்துவிடாது. வெங்காயம், உள்ளி உரிப்பதை ஞாயிறு பின்னேரம் எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து செய்யலாம்.

மகளிர் சங்கம், கடன் குழு போன்ற கூட்டங்களுக்குப் போகிறவர்கள் அவற்றில் போகும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். கிழமைக்கு ஒரு கூட்டம், இரண்டு மணித்தியாலம் என்றால் மாதத்துக்கு எட்டு மணித்தியாலம், ஒரு முழு வேலை நாள். கடன் எடுக்கும்போது வட்டியைப் பார்ப்பவர்கள் இந்த நாளைப் பார்ப்பதில்லை.

மகன் உயர்தரம் படிக்கிறான். பாடசாலை, ரியூசன் என்று இரவாகிறது. எப்போது படிப்பது?

பாடசாலை 7.30 முதல் 1.30 வரை. ரியூசன் 2.30க்குத் தொடங்கி 6.30 வரை, சனி ஞாயிறு முழு நாள். இது எல்லாம் கேட்கும் நேரம். கேட்டது மண்டையில் நிற்பது தனியே உட்கார்ந்து, கொப்பியை மூடிவிட்டு, எவ்வளவு நினைவிருக்கிறது என்று எழுதிப் பார்க்கும்போதுதான். ஒரு மணித்தியால வகுப்புக்கு அரை மணித்தியாலமாவது அப்படித் தனிப் படிப்பு இருக்க வேண்டும். கிழமைக்கு 30 மணித்தியாலம் ரியூசன் போகிற பிள்ளைக்கு 15 மணித்தியாலம். அந்த இடம் நேரசூசியில் இல்லாவிட்டால் ஒரு வகுப்பைக் குறைப்பதுதான் வழி. ஒரே பாடத்துக்கு இரண்டு ஆசிரியரிடம் போகிற பிள்ளைகளுக்கு முதலில் அதைத்தான் சொல்வேன், பெற்றோருக்கு இது பிடிக்காது என்று தெரிந்தும்.

படித்ததை அன்றே ஒருதரம், மூன்று நாள் கழித்து ஒருதரம், பிறகு ஒரு கிழமை கழித்து ஒருதரம் நினைவுபடுத்திப் பார்ப்பது, ஒரே இரவில் நாலு மணித்தியாலம் உட்காருவதைவிட நன்றாக நிற்கும். கடந்தகால வினாத்தாள்களை மணிக்கூடு வைத்து, பரீட்சைக்கு உரிய அதே நேரத்துக்குள் எழுதப் பழகட்டும். போயா விடுமுறைக் காலை அதற்கு நல்லது, மாதம் ஒரு தாள் கட்டாயம் முடியும்.

பரீட்சை நெருங்கும்போது இரவு 2 மணிவரை விளக்கு எரிவதைப் பார்த்துப் பெருமைப்பட வேண்டாம். நித்திரை குறைந்தால் படித்தது பதிவது குறைகிறது.

உத்தியோகமும் பார்த்து வேளாண்மையும் செய்கிறேன். இரண்டும் இடிக்கிறது.

உங்களுக்கு நாளாந்தத் திட்டத்தைவிடப் போகத் திட்டம் முக்கியம். நீர்ப்பாசன வயல் என்றால் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்திலேயே அரைவாசி திகதி தீர்ந்துவிடுகிறது: தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்க வேண்டிய நாள், மாடுகளை வயல் பகுதியிலிருந்து அகற்றும் நாள். கூட்டத்துக்குப் போகாமல், வட்டவிதானை (வயற்கண்டத்தைப் பார்க்கும் விவசாயப் பிரதிநிதி) சொல்லட்டும் என்று இருப்பவர்கள்தான் கடைசியில் அவசர லீவு கேட்டு நிற்கிறார்கள்.

திகதி தெரிந்ததும் கலண்டரை எடுத்து முன்னோக்கி எண்ணுங்கள். மூன்றரை மாத நெல் ஏறக்குறைய 105 நாள். பெரும்போகத்தில் ஒக்டோபர் 25 விதைத்தால் பெப்ரவரி 7 அளவில் வெட்டு. அந்தத் திகதிக்கு முன்னும் பின்னும் ஒரு கிழமையை இப்போதே வட்டம் போடுங்கள். லீவு விண்ணப்பம் டிசம்பரில், வெட்டு மெஷினுக்குச் சொல்லி வைப்பது ஜனவரி முதல் கிழமையில். பசளை, களைநாசினி நாட்களையும் அதே கலண்டரில் போட்டால், அலுவலகத்தில் எந்தக் கிழமையில் களப்பயணத்துக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது என்று தெரியும். வீட்டில் கலியாணம், குடிபுகுதல் எதற்கும் நாள் பார்க்கும்போது இந்தக் கலண்டரும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மழையை நம்பி விதைக்கும் முன்மாரி வயலுக்கு இந்த உறுதி கிடையாது, மழைதான் திகதி சொல்லும். அதற்கு ஆள் ஏற்பாடுதான் வழி. நீங்கள் இல்லாத நாளில் யார் பார்ப்பார், அவருக்கு என்ன கொடுப்பீர்கள் என்று போகம் தொடங்கும் முன்பே பேசி முடியுங்கள்.

மாரி காலத்தில் போட்ட திட்டம் எல்லாம் குழம்பிவிடுகிறது.

நவம்பர் முதல் ஜனவரி வரை இங்கே கடும் மழை. வெள்ளம், பாதை தடை, கரண்ட் தடை, பாடசாலை விடுமுறை எல்லாம் பெரும்பாலும் அந்த மூன்று மாதத்தில்தான். ஆண்டுதோறும் வருவதை எதிர்பாராதது என்று சொல்ல முடியாதே. அந்த மாதங்களுக்கு வழமையில் பாதி அளவே திட்டம் போடுங்கள். புதிய படிப்பு, வீடு கட்டும் வேலை, நீண்ட பயணம் இவற்றைப் பெப்ரவரிக்குப் பின் வையுங்கள். போனும் சின்ன விளக்கும் சார்ச் ஏறியிருக்கட்டும்.

கணவர் கட்டாரில் இருந்து நள்ளிரவில் அழைக்கிறார். நித்திரையும் இல்லை, எடுக்காமல் இருக்கவும் மனமில்லை.

கட்டார், சவூதி, குவைத் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். டுபாய், ஓமான் ஒன்றரை மணித்தியாலம். அவர் வேலை முடிந்து, குளித்துச் சாப்பிட்டு 9 மணிக்குப் போனை எடுத்தால் உங்களுக்கு 11.30. அவருக்கு அது நாளின் முதல் ஆறுதல், உங்களுக்கு நாலரைக்கு எழும்ப வேண்டும். இருவர் மேலும் பிழையில்லை.

வேலை நாளில் குரல் செய்தி, வெள்ளிக்கிழமையில் நீண்ட பேச்சு என்று ஒப்புக்கொண்டு பாருங்கள். கட்டாரில் வெள்ளி விடுமுறை. அவருடைய காலை 11 மணி உங்களுடைய 1.30. ஜும்ஆத் தொழுகை, சாப்பாடு பார்த்து முன்பின் நகர்த்தலாம். பிள்ளைகளும் பாடசாலை விட்டு வரும் நேரம். அவர் பேசாத நாளில் பிள்ளைகள் படம் வரைந்ததையோ அன்றைய சண்டையையோ பின்னேரமே பதிந்து அனுப்பினால், அவர் சாப்பிடும்போது கேட்டுக்கொள்வார்.

கனடாவில் அண்ணா, அக்கா இருப்பவர்களுக்கு: ரொறன்ரோ கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம் பின்னால். அவர்களுடைய காலை 8 மணி நமக்குப் பின்னேரம் 5.30 அல்லது 6.30. அவர்களுடைய இரவைவிட அதுதான் இரு பக்கத்துக்கும் தோதான நேரம்.

வட்ஸ்அப் குழுக்களை என்ன செய்வது?

வகுப்புக் குழு, கோயில் அல்லது பள்ளிவாசல் குழு, அலுவலகக் குழு, குடும்பக் குழு. எல்லாவற்றின் ஒலியையும் நிறுத்துங்கள். மத்தியானமும் இரவு 7 மணிக்கும் திறந்து பாருங்கள். உண்மையான அவசரத்துக்கு ஆட்கள் அழைப்பார்கள். படுக்கும் அறைக்கு வெளியே சார்ச் போடுங்கள், அலாரத்துக்கு ஒரு மலிவான மணிக்கூடு போதும்.

தொழுகை, பூசை, கலியாணம், செத்த வீடு என்று போகாமல் இருக்க முடியாது. இவற்றுக்கு நேரம் எங்கே?

ஐந்து நேரத் தொழுகையை வேலைக்கு இடைஞ்சலாகப் பார்க்கிறவர்கள், அதையே நாளைப் பிரிக்கும் கோடுகளாக வைத்துப் பார்க்கலாம். விடிய சுபஹ் தொழுதபின் படிப்பு, மத்தியான லுஹருக்கு முன் கடைக் கணக்கு, பின்னேர அஸருக்குப் பின் பிள்ளைகள் என்று வைத்தால் மணிக்கூடே பார்க்க வேண்டியதில்லை. பாங்கு கேட்டதும் ஒரு வேலை முடியும், மற்றது தொடங்கும். நோன்பு மாதத்துக்கு மட்டும் வேறு நேரசூசி வேண்டும்.

ஊர்க் கண்ணகி அம்மன் சடங்கு வைகாசியில் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தமும் தெரிந்த நாள்தான். அந்த நாட்களில் வேறு வேலை வைத்துவிட்டு, கோயிலால் நேரம் போகிறது என்று முறைப்பட முடியாது. கலண்டர் வந்த அன்றே அவற்றைக் குறித்துவிடுங்கள்.

செத்த வீட்டுக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம், போங்கள். கலியாணம், சாமத்திய வீடு, பிறந்தநாள் இவற்றில் தெரிவு செய்யலாம். நெருங்கிய வீட்டுக்கு முதல்நாளே போய் வேலையில் நில்லுங்கள். மற்றதற்கு வீட்டிலிருந்து ஒருவர் போய் முகம் காட்டினால் போதும், ஐந்து பேரும் வெளிக்கிடத் தேவையில்லை.

ராகு காலம் பார்க்கலாமா?

நம்பிக்கை உள்ளவர்கள் பாருங்கள். திங்கள் காலை 7.30 முதல் 9 வரை ராகு காலம் என்பதற்காக அலுவலகத்துக்கு யாரும் பிந்திப் போவதில்லையே. புதிய காரியத்தைத் தொடங்கத்தான் தயக்கம். அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் பழைய வேலையை முடியுங்கள்.

வீட்டில் தையல், நெசவு செய்கிறேன். பெருநாள், தீபாவளி வந்தால் பைத்தியம் பிடிக்கிறது.

மருதமுனைத் தறிக்காரருக்கும் காத்தான்குடித் தையல்காரருக்கும் இது ஒரே கதை. ஓடர் எடுப்பதை நிறுத்தும் திகதியை ஒரு மாதம் முன்பே அறிவியுங்கள், சுவரிலும் வட்ஸ்அப் நிலையிலும் போடுங்கள். ஒரு சட்டைக்கு உண்மையில் எவ்வளவு நேரம் என்று ஒருதரம் மணிக்கூட்டில் பார்த்து வைத்தால், ஒரு நாளைக்கு எத்தனை என்பது தெரியும். அதற்கு மேல் வருவதற்கு "ஏலாது மகள், பெருநாளுக்குப் பிறகு தாறன்" என்று சொல்லப் பழக வேண்டும். தெரிந்த ஆட்களிடம்தான் அதைச் சொல்வது கஷ்டம். ஆனால் பெருநாள் இரவில் தைத்து முடியாத உடுப்போடு அவர்கள் முன்னால் நிற்பது அதைவிடக் கஷ்டம்.

21 நாள் செய்தால் பழக்கம் வந்துவிடுமா?

21 நாள் என்பது 1960 அளவில் மக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர், தன் நோயாளிகள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது அவ்வளவு நாளாகிறது என்று எழுதியதிலிருந்து வந்தது. காலப்போக்கில் "குறைந்தது" என்பது விழுந்துவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை 12 கிழமை அவதானித்து 2010 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தன்னிச்சையாக வர நடுத்தரமாக 66 நாள் என்று வந்தது. ஆளுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப 18 நாள் முதல் 254 நாள் வரை. ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு.

ஒரே நேரத்தில் ஒரு பழக்கத்தை மட்டும் எடுங்கள். தைப்பொங்கலுக்குத் தொடங்கினால் சித்திரைப் புத்தாண்டுவரை அந்த ஒன்றுதான்.

போன் செயலி நல்லதா, கொப்பியா?

திகதி உள்ளவை போன் கலண்டரில், நினைவூட்டலோடு. மற்றதெல்லாம் ஒரு சீஆர் கொப்பியில். செயலி தேடுவதில் ஒரு பின்னேரம் போகிறது என்றால் அது வேலைக்குத் தப்பும் வழி.

ஒரு கிழமை முழுக்கக் குழம்பிவிட்டால்?

பழைய பட்டியலை அப்படியே புதுக் கிழமைக்குத் தூக்கிப் போடாதீர்கள், ஞாயிறு இரவே ஐம்பது வேலை கண்முன் நிற்கும். புதுப் பக்கம் எடுங்கள். முதலில் மற்றவர்கள் போட்ட நேரங்களை எழுதுங்கள்: அலுவலகம், ரியூசன், கிளினிக், கூட்டம். மிஞ்சிய இடத்தில் மூன்று வேலை. பழைய பட்டியலில் இருந்து எடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி. ஒரு மாதமாக ஒவ்வொரு பட்டியலிலும் வந்து, ஒருதரமும் தொடாத வேலை ஒன்று இருந்தால், அதை வேறு ஆளிடம் கொடுங்கள் அல்லது அடித்துவிடுங்கள்.